ஒட்டுத் தகட்டுக்கு அடியில்

குற்றாலத்துக்கு ஆள் ஏற்றும் வேனின் தரை பெரும்பாலும் மேலிருந்துதான் துருப்பிடிக்கிறது. ரோட்டுச் சகதியும் கல் தெறிப்பும் அடிப்பக்கத்தை அரிப்பதும் உண்மைதான். ஆனால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் குளித்துவிட்டு ஈர வேட்டியும் ஈரப் பாவாடையுமாக ஏறி உட்காருகிறவர்களின் காலடியில் சொட்டும் தண்ணீர்தான் முதல் எதிரி. அது ரப்பர் மேட்டின் ஓரமாக இறங்கி, மேட்டுக்கு அடியில் விரித்திருக்கும் கனத்த துணியில் ஊறித் தங்கிவிடுகிறது. ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை நீளும் சாரல் காலத்தில் அந்தத் துணி உலர வழியே இல்லை. கார்த்திகை பிறந்ததும் சபரிமலைப் பயணம் தொடங்கும். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகப் போகும் சாமிமார் பலரும் குற்றாலத்தில் குளித்துவிட்டுத்தான் வண்டி ஏறுகிறார்கள். வேனுக்கு மறுபடியும் ஈரம்.

சிவகிரி மலையடிவார ஊர். திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில், ராஜபாளையத்தைத் தாண்டித் தென்காசிக்குப் போகும் வழியில் இருக்கிறது. தென்காசிப் பக்கம் தூறும் சாரல் இங்கே முழுதாக எட்டாது. ஊருக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். ஆகவே சிவகிரி வேன் ஆடியில் குற்றாலத்துக்குப் போய் நனைகிறது, ஐப்பசியில் வீட்டு வாசலில் நின்றே நனைகிறது. சவாரி இல்லாத நாட்களில் பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பாரம் ஏற்றுகிறார்கள். பொட்டாஷ் மூட்டையிலிருந்து சிந்தும் தூள் பொட்டாசியம் குளோரைடு. இரும்பைப் பொறுத்தவரை அது சமையல் உப்புக்குச் சற்றும் சளைத்ததல்ல. புளியங்குடிச் சந்தைக்குப் போகும் எலுமிச்சையில் நசுங்கிய பழங்களின் சாறு தரை மடிப்பில் இறங்கும். தூத்துக்குடியிலிருந்து மீன் ஏற்றி வந்த வண்டியின் தரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்படி அரிபட்ட வேன்கள் வந்து நிற்கும் இடம் டிங்கரிங் பட்டறை. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று இந்தச் சாலை நெடுகத் தகரக் கூரைக்கு அடியில், வேப்பமர நிழலில், தகட்டைத் தட்டும் ஓசை கேட்காத நாள் குறைவு. துருவேறிய தரையையும் பாடித் தகட்டையும் சரிசெய்ய இந்தப் பட்டறைகளில் நிலைத்துவிட்ட முறையைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். அந்தக் கைகளின் திறமையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்தத் திறமை கண்ணில் படும் ஓட்டையோடு நின்றுவிடுகிறது. தண்ணீர் எங்கே வந்தது, எங்கே தங்கியது, எங்கே வெளியேற முடியாமல் போனது என்று அது கேட்பதில்லை. வேலையின் பலம், பலவீனம் இரண்டும் இந்த ஓரிடத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் பலம். மாருதி ஆம்னி 1984-இல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்து 2019 வரை உற்பத்தியில் இருந்ததால் அதற்குக் கதவும் தகடும் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய வண்டிகளின் நிலை வேறு. பஜாஜ் டெம்போவின் மெட்டடோர், சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஸ்டாண்டர்டு-20 போன்றவற்றுக்கு அரித்துப்போன முன்முகத்தின் கீழ்விளிம்பையோ சக்கர வளைவையோ கடையில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கிய வண்டி அது. அதற்கு இன்றைக்கும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தரைத்தகடு, கதவடிப் பெட்டி, சக்கர வளைவு எல்லாம் அச்சில் அழுத்தி விற்கிறார்கள். பட்டியலைப் பார்த்து எண்ணைச் சொன்னால் தகடு வீட்டுக்கு வந்துவிடும். நம்மூர் வேன்களுக்கு அப்படியொரு ஏற்பாடு உருவாகவில்லை. அந்த வெற்றிடத்தைத் தன் கையால் நிரப்பியவர் டிங்கர்.

அவர் அதைச் செய்யும் விதம் பார்க்க வேண்டியது. நல்ல நிலையில் இருக்கும் எதிர்ப்பக்கத்தில் அட்டையை வைத்து அளவெடுத்து, அதைத் திருப்பிப் போட்டு வரைகிறார். 20 கேஜ் தகட்டை, அதாவது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை, கத்திரியால் வெட்டுகிறார். தண்டவாளத் துண்டின் மேல் வைத்து விளிம்பை மடிக்கிறார். மண் மூட்டையின் மேல் வைத்துக் குழிவு எடுக்கிறார். சுத்தியல் ஒருபுறம், டாலி என்னும் தாங்கு இரும்பு மறுபுறம் என்று தட்டித் தட்டி, வளைவு வந்துவிட்டதா என்று கண்ணால் பார்ப்பதைவிட உள்ளங்கையால் தடவித்தான் முடிவு செய்கிறார். வரைபடமோ அச்சோ கிடையாது. இரண்டு பக்கமும் வளையும் தகட்டை இப்படி எடுப்பது எளிதல்ல. ஓரிடத்தில் அதிகம் தட்டினால் தகடு நீண்டு தொப்பை விழும். பிறகு அதைச் சூடாக்கிச் சுருக்கி வழிக்குக் கொண்டுவர வேண்டும். இந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. பட்டறையில் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் சுத்தியல் எடுத்துக் கொடுத்துக் கற்றவர்களிடம்தான் இருக்கிறது.

கேஸ் வெல்டிங்கைப் பழங்கால முறை என்று ஒதுக்குவோர் இன்று அதிகம். நான் அவர்களோடு முழுதும் உடன்படவில்லை. ஆக்ஸி-அசிட்டிலின் சுவாலை 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெப்பம் அகலப் பரவுவதால் மெல்லிய தகடு நெளியும் என்பது உண்மையான குறை. ஆனால் கேஸ் வெல்டிங் பற்று மென்மையானது. சூடாக இருக்கும்போதே பின்னால் டாலியைக் கொடுத்துத் தட்டினால் அது தகட்டோடு தகடாகப் படிந்துவிடும், மேலே பள்ளம் நிரப்பும் பட்டியே தேவைப்படாத அளவுக்கு. சி.ஓ.டூ வெல்டிங் கம்பி விடும் பற்று கடினமானது. அதைத் தட்டிச் சமப்படுத்த முடியாது, கிரைண்டர் வைத்துத் தேய்க்கத்தான் வேண்டும். தேய்க்கும்போது பக்கத்துத் தகடும் சேர்ந்து மெலியும். வெளித்தகட்டில் தேர்ந்த கை பிடிக்கும் கேஸ் டார்ச்சை விடச் சிறந்தது வேறில்லை என்றே நினைக்கிறேன். தரைக்கும் கதவடிப் பெட்டிக்கும் மட்டும், வெப்பம் குறைவாகப் பரவுகிற, ஆழமாகப் பிடிக்கிற சி.ஓ.டூ முறையே தகுந்தது.

இவ்வளவு திறமை இருந்தும் வேலை ஏன் சில மழைக்காலங்களைக் கூடத் தாங்குவதில்லை?

பதில் ஒட்டுத் தகட்டுக்கு அடியில் இருக்கிறது. துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுப்பதற்குப் பதிலாக, ஓட்டையைச் சுற்றித் தட்டிவிட்டு அதன் மேலேயே புதுத் தகட்டை வைத்து, நாலைந்து இடத்தில் டேக் வைத்து, விளிம்பைப் பட்டியால் மூடிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வெட்டாமல் மேலே போட்டால் பலம் கூடும் என்று உரிமையாளர்களும் நம்புகிறார்கள். இரண்டு தகடு இருக்கிறதல்லவா என்பது அவர்கள் வாதம். நடப்பது நேர்மாறு. இரண்டு தகட்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அந்த இடுக்கில் காற்று புகுவது குறைவு. துரு பிடிக்க ஆக்சிஜன் வேண்டும் என்று படித்தவர்கள், காற்றில்லாத இடம் தப்பிக்கும் என்று எண்ணக்கூடும். ஆனால் கேம்பிரிட்ஜில் உலோக அரிப்பை ஆராய்ந்த யு. ஆர். எவன்ஸ் ஒரே ஒரு துளி உப்புநீரை இரும்பின் மேல் வைத்துச் செய்து காட்டிய சோதனை அந்த எண்ணம் தவறு என்று தெளிவாக்கியது. துளியின் ஓரத்தில் ஆக்சிஜன் அதிகம், நடுவில் குறைவு. அரிபடுவது நடுப்பகுதி. ஆக்சிஜன் குறைந்த இடம் மின்வேதி முறையில் தன் இரும்பை இழக்கிறது. ஒட்டுத் தகட்டின் இடுக்கு, மேட்டுக்கு அடியிலுள்ள ஈரத் துணி, மடிப்பில் சேர்ந்த சேறு மூன்றிலும் நடப்பது இதுதான். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும் என்பதால் இடுக்கு உப்பி, போட்ட பற்றையே பிளந்துவிடும். வெளியே பெயின்ட் கொப்புளம் கிளம்பும்போது உள்ளே வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும்.

இந்த அறிவு நமக்குத் தூரத்தில் இல்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. இரும்பு அரிபடுவதை ஆராய்வது அதன் முதன்மைப் பணிகளில் ஒன்று. மண்டபத்தில் கடற்காற்றில் உலோகத் துண்டுகளை வைத்துச் சோதிக்கும் நிலையமும் அதற்கு உண்டு. சிவகிரியிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் சேர்ந்துவிடக்கூடிய ஊரில் இவ்வளவு அறிவு சேர்ந்திருக்கிறது. பாலத்துக்கும் கப்பலுக்கும் போய்ச் சேர்ந்த அந்த அறிவு வேப்பமரத்தடிப் பட்டறைக்கு வந்து சேரவில்லை. இந்தக் குறையை டிங்கரின் மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. ஐ.டி.ஐ.களில் ஷீட் மெட்டல் ஒர்க்கர் பயிற்சி இருக்கிறது. ஆனால் பட்டறையில் ஏற்கெனவே வேலை செய்பவருக்குச் சில நாட்கள் துருவைப் பற்றி மட்டும் சொல்லிக்கொடுக்க யாரும் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை.

பட்டி, ரெட் ஆக்சைடு, வேஸ்ட் ஆயில் மூன்றையும் இந்த இடத்தில்தான் நிறுத்தி விசாரிக்க வேண்டும். பட்டி தன்னளவில் கெட்டதல்ல. தட்டிச் சமப்படுத்திய தகட்டில் மிஞ்சும் சிறு பள்ளத்தை நிரப்பத்தான் அது. ஓட்டையை அடைக்கும் பொருளாக அதை மாற்றும்போதுதான் கேடு. காய்ந்த பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கத்திலிருந்து தண்ணீர் எட்டும் இடத்தில் போட்ட பட்டி, நனைந்த துணியைத் தகட்டில் சுற்றி வைத்ததற்குச் சமம். பழைய வேன் வாங்கப் போகிறவர்கள் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கர வளைவிலும் ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காமல் நழுவும் இடத்தில் தகட்டுக்கு மேல் கனமான பட்டி இருக்கிறது, அல்லது தகடே இல்லை.

ரெட் ஆக்சைடு மேல்பூச்சுக்கு முந்தைய அடிப்பூச்சு மட்டுமே. அதை மட்டும் அடித்துவிட்டு அடிப்பாகம் முடிந்தது என்று வண்டியை இறக்குகிறார்கள். அதன் வழியாக ஈரம் உள்ளே இறங்கும். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர் ஈரத்தைப் பெருமளவு தடுக்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் ஒரு வேனின் தரைக்கு ஆகும் அளவு மலைக்க வைப்பதல்ல. அடிப்பாகத்தில் வேஸ்ட் ஆயில் அடித்தால் துரு அண்டாது என்று பட்டறைக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எண்ணெய்ப் படலம் சில மாதங்களுக்கு ஈரத்தை அண்டவிடாது. ஆனால் இன்ஜினில் எரிந்து கறுத்த ஆயிலில் அமிலங்கள் சேர்ந்திருக்கும். ரப்பர் புஷ்ஷை அது உப்பவைக்கும். பின்னால் அந்த இடத்தில் வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும், பெயின்ட் அடித்தால் ஒட்டாது. சொட்டும் ஆயில் மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும். பெட்டிபோல் மூடிய பகுதிகளுக்குள் விடுவதற்கென்றே மெழுகுத் திரவம் கிடைக்கிறது. அதைக் குழல் வழியாக உள்ளே பீய்ச்சினால் மடிப்புகளில் ஊர்ந்து படியும்.

எட்டாத மூலைகளில் துருவை முழுதும் சுரண்ட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த துருமாற்றித் திரவம் உதவும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்று நம் சாயக்காரர்களும் மை காய்ச்சியவர்களும் அறிந்திருந்த அதே வேதியியல்தான் டானிக் அமிலத்தினுடையது. துவர்ப்புப் பொருள் துருவோடு சேர்ந்து கரையாத கரும்படலமாகிறது. இது துணை மருந்துதான். வெட்டி எடுக்க முடிகிற இடத்தில் இதைப் பூசித் தப்பிப்பது ஏமாற்று.

பட்டறை ஏன் குறுக்குவழிக்குப் போகிறது என்பதற்குக் காலண்டரிலும் ஒரு காரணம் உண்டு. வாடகை வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். சொந்த வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து, அதற்குப்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். எஃப்.சி. தேதி நெருங்கும்போதுதான் வண்டி பட்டறைக்கு வருகிறது. உரிமையாளருக்குச் சவாரி நின்ற ஒவ்வொரு நாளும் நஷ்டம். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை எஃப்.சி. எப்படியாவது முடிச்சுக் குடுத்திருங்க" என்று கேட்பவரிடம், சீட்டைக் கழற்றி, மேட்டைப் பிரித்து, தரையைச் சுரண்டிப் பார்க்க அவகாசம் கேட்கும் டிங்கர் வேலையை இழப்பார். பேரமும் தெரியும் தகட்டுக்குத்தான். உள்ளே எவ்வளவு வெட்டினார், பின்பக்கம் என்ன பூசினார் என்று பார்த்துக் கூலி பேசும் வழக்கம் இல்லை. நல்ல வேலைக்கும் மோசமான வேலைக்கும் ஒரே கூலி என்றால் நல்ல வேலை எத்தனை நாள் நீடிக்கும்? உரிமையாளர்களாகிய நம் பங்கு இதில் பெரிது.

இதை வெறும் அழகுப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள முடியாத இடம் ஒன்றிருக்கிறது. ஆம்னிக்குத் தனிச் சேஸ் கிடையாது. தரை, கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி, தூண்கள் எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. நகரும் கதவின் கீழ்த்தடத்தில் மண்ணும் தண்ணீரும் தேங்கி அந்தப் பெட்டிதான் முதலில் போகிறது. சீட்டும் சீட் பெல்ட்டும் பிடித்திருக்கும் இடங்கள் அதற்கு அருகில்தான். அங்கே பட்டி பார்ப்பது உயிரோடு விளையாடுவது. பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. பரிசோதனையில், சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் போன்றவை பொருந்தியிருக்கும் புள்ளிகளிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் உடலை வலுவிழக்கச் செய்யும் துரு இருந்தால் வண்டி தேறாது. அந்த வட்டத்துக்குள் பட்டியும் ஃபைபரும் பழுதுபார்ப்பாக ஏற்கப்படாது, தகட்டை முறையாக வெல்டிங் செய்திருக்க வேண்டும். சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல் நம் பட்டறைகள் இந்த 30 சென்டிமீட்டரைத் தாமாகவே கடைப்பிடிக்கலாம். டேப் வைத்து அளக்கக் கூடுதல் செலவில்லை.

தரையில் இன்னொரு நுணுக்கம்: கம்பெனித் தரையில் ஓடும் வரிப்பள்ளங்கள் அலங்காரத்துக்கு அல்ல. மெல்லிய தகட்டுக்கு விறைப்புக் கொடுப்பவை அவைதான். அந்த இடத்தில் மொட்டைத் தகட்டை வைத்தால் ஓட்டத்தில் அதிர்ந்து, பற்றின் ஓரத்தில் கீறல் விடும். தேர்ந்த டிங்கர் வரி எடுத்த பிறகே தகட்டை உட்கார வைப்பார். அவரை அடையாளம் காண இதுவே போதும்.

வேலை செய்பவரின் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைச் சிலர் துருப்பிடிக்காது என்று வாங்கித் தருகிறார்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். டார்ச் பட்ட இடத்தில் பூச்சும் போய்விடும், அந்த வெண்புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் குளிர்க்காய்ச்சலும் வரும். விளிம்பில் பூச்சைச் சுரண்டிய பிறகே டார்ச் பிடிக்க வேண்டும். பட்டித் தூசும் பழைய பெயின்ட்டின் ஈயமும் மாஸ்க் இல்லாத நுரையீரலுக்குள் போகின்றன. பெட்ரோல் டேங்கையும், கேஸ் கிட் வைத்த ஆம்னியில் சிலிண்டரையும் இறக்காமல் தரையில் சுவாலை பிடிப்பது எந்த அவசரத்திலும் செய்யக்கூடாதது.

இனி ஐம்பது வயது தாண்டிய வண்டிகள். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வாடகைக்கு ஓடாத வண்டிக்கு 'வி.ஏ.' வரிசை எண். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். 1970-களின் தொடக்கத்தில் வந்த மெட்டடோர்களுக்கு இந்தத் தகுதி வயது இப்போது வந்திருக்கிறது. நிபந்தனை, சேஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது. அதே வடிவில், அதே கனத்தில், அதே வரிகளோடு புதிதாகத் தட்டி எடுத்த தரை மூல வடிவத்தைக் காப்பாற்றுவதாகவே நான் கருதுகிறேன். மூன்றடுக்கு ஒட்டுத் தகடும் பட்டியும் நிரம்பிய பழைய தரைதான் மூலத்திலிருந்து விலகியது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற டூரின் சாசனம், புதிதாகச் சேர்த்த பாகம் பின்னால் பார்ப்பவருக்குப் புதியது என்று அடையாளம் தெரிய வேண்டும் என்கிறது. சிவகிரிப் பட்டறைக்கு இது மிகவும் பொருந்தும். புதுத் தகட்டின் அடிப்பக்கத்தில் ஆண்டையும் ஊரையும் உளியால் பொறித்துவிடலாம். இப்படி எழுத இடம் கொடுத்தால் டிங்கரும் அடிப்பக்கத்தை மறைக்க வேண்டிய பக்கமாக நினைக்க மாட்டார்.

பட்டறைக்கு வண்டியை விடுகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு. முதலாவது, சீட்டையும் மேட்டையும் நீங்களே கழற்றிவிட்டுப் பிறகு கூலி பேசுங்கள். வெட்ட வேண்டிய எல்லையைச் சுண்ணாம்புக் கட்டியால் இருவரும் சேர்ந்து வரையுங்கள். இரண்டாவது, எபாக்ஸி பிரைமர் நன்றாகக் காய்ந்த பின், மேட் விரிப்பதற்கு முன், ஒரு குடம் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பாருங்கள். கதவின் அடிவிளிம்பிலும் கதவடிப் பெட்டியின் அடியிலும் கம்பெனி விட்ட வடிகால் துளைகள் பட்டியாலும் பெயின்டாலும் அடைபட்டிருந்தால் தண்ணீர் எங்காவது ஒரு மூலையில் போய் நிற்கும். நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அடைபட்ட துளையைக் கம்பி விட்டுத் திறந்து, துளையின் ஓரத்துக்கு மறுபடி பிரைமர் வைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்ட பிறகு பெட்டிக்குள் மெழுகு பீய்ச்சச் சொல்லுங்கள். ரப்பர் மேட்டுக்கு அடியில் துணி வேண்டாம்.